ஆற்றங்கரையில் உண்ணி: வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

தாப்பா_ஆற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராக் மாநிலத்தில் தாப்பாவுக்கு வெளியே, ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டமாக மாறிவிட்ட இடத்தின் ஓரத்தில் ஓர் ஆற்றங்கரை இருக்கிறது. நானும் எங்கள் தாமான் குடியிருப்பைச் சேர்ந்த ஏழெட்டுப் பேரும் நான்கு வருடமாக அங்கே குப்பை பொறுக்கி, பாதையைச் சீர்படுத்தி, இரண்டு பந்தல் போட்டு வைத்திருக்கிறோம். சனி ஞாயிறுகளில் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்கள் வரிசையாக வரும். தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். ஊரை விட்டுப் போன தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் குடும்பத்தோடு வந்து செம்பனை நிழலில் பாய் விரித்துவிடுவார்கள்.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆறு வயதுப் பெண் பிள்ளை. புறப்படுகிற நேரத்தில் பாட்டி தலை பின்னிவிடும்போது, காதுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்தார். மச்சம் என்று நினைத்துத் தடவினார். அதற்குக் கால்கள் இருந்தன. உடனே ஒரே கலவரம். ஒருவர் கோடாலித் தைலம் தேய்த்தார். இன்னொருவர் லைட்டரைப் பற்றவைத்துக் காதருகே கொண்டுபோனார். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் யாரோ நகத்தால் பிய்த்துவிட்டார்கள். பிள்ளை அழுது ஓய்ந்த பிறகு அப்பா என்னிடம் ஒன்று கேட்டார்: “இங்கே உண்ணி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். நான்கு வருடமாகத் தெரியும். என் காலிலிருந்தே எத்தனையோ முறை எடுத்துப் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி நடக்கிற இடத்தில் உண்ணி இருக்கும் என்பது எங்களுக்குச் சாதாரண விஷயம். அதை வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கேட்டது இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதனால் ஒரு பலகை வைக்க முடிவு செய்தோம். இணையத்தில் எடுத்த ஒரு படம்தான் மாதிரி. சிவப்புப் பின்னணி, பெரிய உண்ணி, பக்கத்தில் ஒரு மான், கையில் வட்டமான சிவப்புத் தடிப்பு. மேலே ‘எச்சரிக்கை! உண்ணி அபாயம்!’ என்று மூன்று மொழியில் எழுதி நுழைவழியில் நிறுத்தலாம் என்று நினைக்கிறோம். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன். இது உதவுமா?


மலையேறி_பீடோர் | ஞாயிறு, இரவு 10.05

அண்ணே, நுழைவழியில் வைத்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். உள்ளே வருகிறவர் கையில் சட்டி, பாய், ஐஸ் பெட்டி. பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடுகின்றன. அந்த நேரத்தில் நீங்கள் தங்கத்தில் எழுதி வைத்தாலும் கண்ணில் படாது.

அதோடு ‘எச்சரிக்கை’ என்று படித்தவர் என்ன செய்வார்? திரும்பிப் போவாரா? இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறார். பயத்தோடு உள்ளே போவார், அவ்வளவுதான்.


பெரிய_லயம் | திங்கள், காலை 7.12

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். மாட்டுக்கு உண்ணி எடுப்பது எங்களுக்குச் சாயங்கால வேலை. பிடுங்கி மண்ணெண்ணெய் டின்னில் போடுவோம். யாரும் உண்ணி கடித்துச் செத்ததாகக் கேள்விப்படவில்லை. இப்போது பலகை வைத்தால் பட்டணத்துப் பிள்ளைகள் புல்லையே மிதிக்க மாட்டார்கள். ஏற்கெனவே மண்ணைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். இயற்கையைப் பார்த்துப் பயப்பட நாமே கற்றுக்கொடுக்க வேண்டுமா?


டிரெஸ்ஸர்_மகன் | திங்கள், காலை 8.30

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நம் சனம் மறந்துவிட்டது.

என் அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் பார்ப்பார். கறுப்புப் பொருக்கு தேடுகிறார் என்று எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் புதர்க்காய்ச்சலின் அடையாளம் அது. லாலாங் புல் மண்டிய இடத்தில் வேலை செய்தவர்களுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் அது வந்தது. உதிர்ந்த செம்பனைப் பழத்துக்கு எலி வரும். எலியின் மேல் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி இருக்கும். அதன் குஞ்சு மனிதரைக் கடித்தால் நோய்.

1900இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920களில் ஃபிளெட்சர், லெஸ்லர் என்கிற இருவர் தோட்டக்காட்டில் வரும் டைபஸும் நகரத்தில் வரும் டைபஸும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அப்போது மருந்து கிடையாது. 1948இல் ஜோசப் ஸ்மேடல் என்னும் அமெரிக்க மருத்துவரின் குழு அதே கோலாலம்பூருக்கு வந்து, குளோராம்ஃபெனிக்கால் என்னும் புது மருந்தைப் புதர்க்காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். இந்த நோயை மருந்தால் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது நம் மண்ணில்தான்.

அந்தக் காலத்தில் ‘விஷக்காய்ச்சல்’ என்று சொல்லிப் புதைத்த எத்தனை பேருக்கு இந்த நோய் இருந்ததோ. யாரும் சாகவில்லை என்று சொல்லாதீர்கள் ஐயா. எதனால் செத்தார்கள் என்று யாரும் நம் பாட்டன்மாருக்குச் சொல்லவில்லை.


பெரிய_லயம் | திங்கள், காலை 9.02

என் சின்னம்மா ஒருவர் அப்படித்தான் போனார். லாலாங் வெட்டும் வேலை. பத்துப் பன்னிரண்டு நாள் காய்ச்சல். நீங்கள் எழுதியதைப் படித்ததும் நினைவு வந்தது. சரி தம்பி, எழுதுங்கள். படிக்கிறேன்.


ஆற்றோரக்_கடை | திங்கள், மதியம் 2.20

நான் அங்கே கடை வைத்திருப்பவரின் மகள். அம்மா நாசி லெமாக்கும் கோப்பியும் விற்கிறார். அந்த வருமானத்தில்தான் தம்பி படிக்கிறான்.

அண்ணன் பலகைப் படத்தை அம்மாவிடம் காட்டிவிட்டுப் போனார். அம்மா இரவு முழுக்கத் தூங்கவில்லை. ‘அபாயம்’ என்று சிவப்பில் எழுதினால் யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்? யாராவது படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், ‘தாப்பாவில் கொலைகார உண்ணி’ என்று மறுநாளே சுற்றும். நான் மறைக்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அழுததை நானும் பார்த்தேன். ஆனால் சொல்லும் விதம் ஒன்று இருக்க வேண்டும் இல்லையா?


தாப்பா_ஆற்றங்கரை | திங்கள், மாலை 6.45

தங்கச்சி, அம்மாவிடம் முதலில் பேசாமல் படத்தை நீட்டியது என் தவறு. அம்மாவிடம் சொல்லுங்கள், உங்கள் கடை பாதிக்கும்படி எதையும் நிறுத்த மாட்டோம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கடைக்கு நல்லது என்றும் நினைக்காதீர்கள். அந்தக் குடும்பம் திரும்பி வருமா? சொல்லியிருந்தால், பாட்டி பார்த்தவுடன் இடுக்கியால் எடுத்துவிட்டு அடுத்த மாதமும் வந்திருப்பார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.


கிளினிக்_தாதி | திங்கள், இரவு 9.15

நான் இருபது வருடமாகத் தாதி. இதில் கொஞ்சம் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் ‘உண்ணி’ என்ற ஒரே சொல்லில் இரண்டு பூச்சிகளைப் பேசுகிறோம்.

கண்ணுக்குத் தெரிவது, ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பருப்பது, அந்தப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் இருந்தது, அது உண்ணி. புதர்க்காய்ச்சலைத் தருவது அதன் உறவினம்தான், ஆனால் மிகவும் சிறியது. மனிதரைக் கடிக்கிற அதன் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கடித்ததே தெரியாது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் புதர்க்காய்ச்சலை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றன. அதைப் படித்த நம் ஆள்கள், ‘உண்ணி எதுவும் ஒட்டவில்லையே, எனக்கு அந்தக் காய்ச்சல் இருக்காது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் ஆபத்து.

என் சொந்த மாமா. செம்பனைத் தோட்டத்தில் உறவினரோடு மீன் பிடிக்கப் போய், கரையில் புல்லிலேயே படுத்திருந்திருக்கிறார். பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி. ஆஸ்பத்திரிக்குப் போனார். நம் நாட்டில் காய்ச்சல் என்றால் முதலில் நினைப்பது டிங்கி, அதாவது டெங்கு. இரத்தம் எடுத்தார்கள், டிங்கி இல்லை என்றார்கள், திரும்ப எடுத்தார்கள். ஆறாம் நாள் ஓர் இளம் டாக்டர் “எங்கேயாவது காடு, தோட்டம் போனீர்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தொடையிடுக்கில் கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார்கள். சிகரெட்டால் சுட்டது போல இருக்கும். வலி இருக்காது, அதனால் அவருக்கே தெரியவில்லை. டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். பழைய மருந்து, விலையும் குறைவு. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அந்த ஆறு நாளில் நோய் அவருடைய நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. மாமா பிழைத்தார்.

அண்ணே, பலகையில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள்: ‘மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், இங்கே வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.’ உண்ணியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நோயாளி சொல்லாமல் டாக்டருக்கு எப்படித் தெரியும்?


ஈப்போ_டு_லண்டன் | செவ்வாய், காலை 6.50

ஈப்போக்காரன், லண்டனில் இருக்கிறேன். உங்கள் பலகையில் மான் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. இந்தப் பக்கத்துப் படம் அது.

என் வீட்டருகே ரிச்மண்ட் பார்க். 1637இல் அரசர் முதலாம் சார்லஸ் வேலி போட்டு மான் விட்ட காடு. இன்றும் அறுநூறுக்கும் மேற்பட்ட மான்கள் உண்டு, உண்ணியும் உண்டு. இங்கே பயம் லைம் நோய். உண்ணி கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு வட்டமாகப் பரவும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் 1975 வாக்கில் இரண்டு தாய்மார்கள், “எங்கள் தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு ஏன் மூட்டு வீங்குகிறது?” என்று விடாமல் கேட்டதால் வெளியே வந்த நோய் அது. 1982இல் வில்லி பர்க்டார்ஃபர் அதன் கிருமியை உண்ணியிலிருந்து கண்டுபிடித்ததாக வெளியிட்டார்.

நம் ஊரில் தேட வேண்டியது கறுப்புப் பொருக்கு. நீங்கள் வட்டச் சிவப்பைப் படம் போட்டால், பொருக்கு இருக்கிறவர் ‘படத்தில் இருப்பது போல இல்லையே’ என்று சும்மா இருந்துவிடுவார். மானை எடுத்துவிட்டு அந்தத் தடிப்பையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே உண்ணிப் பலகைகளைக் கடந்து பல வருடம் நடந்திருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. என் மகளின் பள்ளியில் பூங்காவுக்குக் கூட்டிப் போகும்போது ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையிடமும் “இன்று இரவு குளிக்கும்போது அம்மாவை முழங்காலின் பின்புறம் பார்க்கச் சொல்” என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து என் மகள் என்னை விடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு, ஓர் இரவுக்கு, ஒரே ஒரு வேலை. அது நடந்தது.


ஓய்வுபெற்ற_டீச்சர் | செவ்வாய், காலை 10.10

அந்த ஆசிரியை செய்ததுதான் சரியான வழி. நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்தவள். ஒரு முறை ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் வகுப்பில் “உண்ணி என்றால் என்ன?” என்று கேட்டேன். நாற்பது பேரில் மூன்று பேருக்குத்தான் தெரிந்தது. மூவரும் மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் தாமானில் வளர்ந்தவர்கள். ஆகவே ‘உண்ணி அபாயம்’ என்று தமிழில் எழுதினாலே எல்லாருக்கும் புரிந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

படத்தில் பெரிதாக்கிக் காட்டுவதிலும் ஒரு கெடுதல் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு நண்டு அளவுக்குத் தேடுவார்கள். மறுநாள் நான் வீட்டிலிருந்து கசகசா, எள், ஆமணக்கு விதை மூன்றும் எடுத்துப் போனேன். குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் உண்ணி கசகசா அளவு. வளர்ந்தது எள் அளவு. இரத்தம் குடித்துப் பருத்தால் ஆமணக்கு விதை மாதிரி. இலத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ரிசினஸ் என்று ஒரே பெயர், விதை உண்ணி போல இருப்பதால்தான் செடிக்கு அந்தப் பெயரே வந்தது. கசகசாவை ஒரு பிள்ளையின் முழங்கையில் ஒட்டிவைத்துத் தேடச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பலகையிலும் அதையே செய்யுங்கள் தம்பி. உண்மையான அளவில் மூன்று புள்ளி போடுங்கள். பெரிய படம் வேண்டாம்.


மணிப்பால்_டாக்டர் | செவ்வாய், இரவு 11.30

டூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். தாதி அக்கா சொன்ன வரி முதலிடத்தில் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நான் கர்நாடகத்தில் மருத்துவம் படித்தேன். அங்கே ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தன. தொடர்ந்து விறகு பொறுக்கப் போனவர்களுக்குக் காய்ச்சல். காட்டு உண்ணி பரப்பும் வைரஸ் அது. ஊர் மக்கள் ‘மங்கன காயிலே’, குரங்கு நோய், என்று பெயர் வைத்தார்கள். அங்கே கிராமத்தவர்களிடம் வைரஸ், உண்ணியின் இனப்பெயர் எல்லாம் விளக்கி நான் பார்த்ததில்லை. ‘செத்த குரங்கைப் பார்த்தால் தொடாதே, உடனே வந்து சொல்’ என்பதுதான் முதல் செய்தி. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று, உடனே செய்யக்கூடிய ஒன்று. படிக்காத மூதாட்டிக்கும் அது தெரிந்திருந்தது. அந்த நோய் அந்தப் பகுதிக்கு உரியது, அதை நம் பலகையில் போட வேண்டாம். சொல்லும் முறையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நம் சிலாங்கூரிலும் 1956இல் காட்டு உண்ணியிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்து லங்காட் என்று பெயரிட்டார்கள். இயற்கையாக அது மனிதருக்கு நோய் கொடுத்ததாகப் பதிவு இல்லை. இப்படிப்பட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் பலகை பாடப்புத்தகம் ஆகிவிடும். படிப்பவர் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

எடுக்கும் முறையை அவசியம் சேருங்கள். கூர் முனை இடுக்கியால், தோலுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பிடித்து, முறுக்காமல், அவசரப்படாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் தோண்ட வேண்டாம், தோல் தானே தள்ளிவிடும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தீ, தைலம், புகையிலை, பற்பசை எதுவும் கூடாது. அட்டைக்குச் செய்வதை உண்ணிக்கும் செய்கிறார்கள். எரிச்சலூட்டினால் உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள்ளேயே கக்கும். நாம் பயப்படுவதே அந்த எச்சிலுக்குத்தான்.

காதின் உள்ளே போய்விட்டால் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. பஞ்சுக்குச்சியும் கூடாது. மலேசிய மருத்துவமனைகளில் காதுக்குள் உண்ணியோடு வருகிறவர்கள் புதிதல்ல, பலர் பிள்ளைகள். சிலருக்கு அந்தப் பக்கத்து முகமே தளர்ந்து போனதாகவும் நம் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை காது வலி என்றால் முந்தைய நாள் எங்கே விளையாடியது என்று யோசித்துப் பாருங்கள்.


மாட்டுக்காரர்_தெமோ | புதன், காலை 7.40

ஐயாமாரே, எனக்கு ஒரு பயம். என் பத்து மாடு அந்தத் தோட்டத்தில்தான் மேய்கிறது. பலகை வைத்ததும் ‘மாட்டால்தான் உண்ணி’ என்று என் மேல் வந்து விழுவார்கள். மேய்ச்சலைத் தடுத்தால் நான் எங்கே போவேன்?


டிரெஸ்ஸர்_மகன் | புதன், காலை 8.15

அண்ணே, நம் மாட்டில் பெரும்பாலும் ஒட்டுகிற உண்ணி குஞ்சிலிருந்து கடைசி வரை ஒரே மாட்டிலேயே வாழ்வது. அது மனிதரை நாடுவது மிக அபூர்வம். நாய் உண்ணியும் பெரும்பாலும் நாயோடும் வீட்டோடும் இருப்பது. பாதையோரப் புல்லில் காத்திருப்பவை முக்கியமாகக் காட்டுப்பன்றி, எலி போன்றவற்றோடு வருபவை. பலகையில் எந்த மிருகத்தின் பெயரும் வேண்டாம் என்பது என் கருத்து. பெயர் போட்டால் ஒருவர் மாட்டைத் துரத்துவார், இன்னொருவர் நாய்க்கு விஷம் வைப்பார்.


மலையேறி_பீடோர் | புதன், மதியம் 1.05

இன்னொரு தகவல், பாதை வேலைக்கு உதவும். உண்ணி குதிக்காது, பறக்காது, மரத்திலிருந்து விழாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். நம் மூச்சு, உடல் சூடு, நடை அதிர்வு தெரிந்ததும் உரசும் துணியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே பாதையின் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் புல் வெட்டி, உட்காருகிற இடத்தைச் சுத்தமாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மருந்து மட்டும் அடிக்காதீர்கள் அண்ணே, ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது.

நான் காட்டுக்குப் போகும்போது கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொள்வேன், வெளிர் நிறத் துணி போடுவேன், டீட் கலந்த பூச்சித் தைலம் தடவுவேன். ஆனால் ஆற்றில் குளிக்க வருகிறவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, அவர் அரைக்கால்சட்டையில் வருகிறார். அவரிடம் வேலை வாங்கக்கூடிய நேரம் ஒன்றே ஒன்றுதான். புறப்படும் முன், குழாயில் கால் கழுவும் நேரம். எல்லாரும் அங்கே நிற்கிறார்கள், பிள்ளைகளுக்குத் துணி மாற்றுகிறார்கள், கையும் காலியாக இருக்கிறது. பலகை அந்தக் குழாயடியில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள். கண்ணாடி இருந்தால் மனிதர்கள் நிற்பார்கள்.


ஆற்றோரக்_கடை | புதன், மதியம் 1.30

அந்தக் குழாய் எங்கள் கடைக்குப் பக்கத்தில்தான். இடுக்கி கடையிலேயே வைக்கலாம், சிறிய புட்டியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைக்கிறோம். அம்மாவிடம் கேட்டேன். “அப்படியென்றால் நானே எடுத்துவிடுவேன், லயத்தில் எத்தனை மாட்டுக்கு எடுத்திருக்கிறேன்” என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு இன்றுதான் சரியாகச் சாப்பிட்டார்.


நெகிரி_மொழிபெயர்ப்பாளர் | புதன், மாலை 5.20

மலாய் வரியில் கவனம் தேவை. பேச்சில் உண்ணியை ‘குத்து பாபி’ என்கிறார்கள், பன்றிப்பேன் என்று பொருள். பொதுப் பலகையில், முஸ்லிம் குடும்பங்களும் வரும் இடத்தில், அந்தச் சொல் சங்கடம் தரும். வெறும் ‘குத்து’ என்று போட்டால் தலைப்பேன் என்று நினைப்பார்கள். அகராதிச் சொல் ‘செங்கெனித்’ சரியானது, ஆனால் இளையவர்கள் பலருக்குத் தெரியாது. ஆகவே ‘செங்கெனித்’ என்று எழுதி, டீச்சரம்மா சொன்ன புள்ளிகளை அதன் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். சொல் தெரியாதவருக்குப் புள்ளி சொல்லிவிடும். சீனத்திலும் ஒரு வரி போடுங்கள், ஈப்போவிலிருந்து வருகிறவர்களில் அவர்களும் நிறைய.


தாப்பா_ஆற்றங்கரை | வியாழன், இரவு 10.15

சிவப்புப் பலகையை அச்சுக்கு அனுப்பவில்லை. இன்று மாலை பந்தலில் எல்லாரும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். கடைக்கார அம்மாவும் வந்தார், தெமோ அண்ணனும் வந்தார். வெள்ளைப் பின்னணி, பச்சை எழுத்து. தமிழ் வரிகள் இவை:

‘புறப்படும் முன் ஒரு நிமிடம்.

புல்லில் இருக்கும் உண்ணி இந்த அளவுதான். (இங்கே மூன்று புள்ளி.)

பிள்ளையின் காதுக்குப் பின், தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் பாருங்கள். வீட்டில் குளிக்கும்போது இன்னொரு முறை பாருங்கள்.

ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலருகே பிடித்து நேராக இழுங்கள். தீ, தைலம் வேண்டாம். இடுக்கி பக்கத்துக் கடையில் உண்டு.

மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உண்ணியைப் பார்க்காவிட்டாலும், “செம்பனைத் தோட்டத்து ஆற்றங்கரையில் இருந்தேன்” என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.’

காதுக்குள் போவதைப் பற்றி எழுத இடம் போதவில்லை. அதைக் கடைக்கார அம்மா வாயால் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.


கிளினிக்_தாதி | வியாழன், இரவு 10.40

கடைசி வரியை மேலே கொண்டுவாருங்கள், அல்லது எழுத்தைப் பெரிதாக்குங்கள். மக்கள் அந்த வரியைத் தங்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மூன்று வாரம் கழித்து யாருக்கும் பலகை நினைவிருக்காது, போனில் படம் இருக்கும்.


ஓய்வுபெற்ற_டீச்சர் | வெள்ளி, காலை 6.30

‘பிள்ளையின்’ என்று மட்டும் எழுதினால் பெரியவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ‘பிள்ளைகளுக்கும் உங்களுக்கும்’ என்று மாற்றுங்கள்.


தாப்பா_ஆற்றங்கரை | ஞாயிறு, மாலை 7.20

இரண்டையும் மாற்றிவிட்டோம். பலகையைச் சனிக்கிழமை காலையில் குழாயடியில் நிறுத்தினோம், கண்ணாடியும் மாட்டியாயிற்று. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் அழைத்துப் பேசினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏதும் வரவில்லை, காயம் ஆறிவிட்டது என்றார். அவர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் முறையாகப் பதில் சொன்னேன். எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டது என் தவறு என்று சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பலகையின் படத்தை அனுப்பச் சொன்னார்.


ஆற்றோரக்_கடை | ஞாயிறு, இரவு 8.05

அண்ணே, இன்று கடையில் அம்மா இரண்டு உண்ணி எடுத்தார். ஒன்று ஒரு பெரியவரின் இடுப்பில், இன்னொன்று ஒரு பையனின் முழங்காலுக்குப் பின்னால். யாரும் கத்தவில்லை. பையனின் அம்மா கோப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

ஒரே குறை, கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்க்கிறார்கள். கழுத்தும் காதும் தெரியவில்லை.


தாப்பா_ஆற்றங்கரை | ஞாயிறு, இரவு 8.12

நாளைக் காலை ஸ்பேனரோடு வருகிறேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை யாரையாவது நிறுத்தி, எந்த உயரம் வேண்டும் என்று அளந்து வையுங்கள் தங்கச்சி.


ஆற்றோரக்_கடை | ஞாயிறு, இரவு 8.30

அளந்துவிட்டேன். மூன்றரை அடி.